ஈட்டலும் ஈதலும்: அசீம் பிரேம்ஜியின் தொழிலும் அறமும்



இந்த மண்டபத்தில் நாம் இன்று கூடியிருப்பதற்குக் காரணமானவர் நம்மிடையே இல்லை. தமக்குப் பின்னும் ஆண்டுக்கு ஒருமுறை கற்றோரும் கற்போரும் இங்கே கூடி ஒரு பொருளைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று விரும்பி, அதற்கென ஒரு தொகையை முதலாக வைத்து, அம்முதலைத் தொடாமல் அதன் வட்டியைக் கொண்டே இந்தக் கைங்கரியம் நடந்துவர வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு அவர் சென்றார். அத்தகைய ஏற்பாட்டின் பயனைத் துய்ப்பவன் அதைப் பற்றியே சிறிது பேசுவது முறையாகும் என்ற எண்ணத்தினால், தொழில் உலகில் பெரும்பொருள் ஈட்டி, ஈட்டியதன் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு உரியதாக்கிய ஒருவருடைய வாழ்க்கையை இன்றைய சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதல் அழியாமல் பயன் மட்டும் செலவாகும் தர்மம் நம்மவர்க்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயில் ஒன்றில் இரவும் பகலும் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்று விரும்பியவர், 90 அல்லது 96 ஆடுகளை இடையர் வசம் ஒப்புவிப்பார். அவற்றைப் பெற்றவர் நாளொன்றுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவருவார். மந்தையில் சில ஆடுகள் இறப்பினும் சில மூப்படையினும், பிறந்து வளரும் குட்டிகளால் அவ்வெண்ணிக்கை குறையாதபடி காப்பது அவர் கடமை. கணக்கேட்டில் அந்த ஆடுகளுக்கு இறப்பும் இல்லை, மூப்பும் இல்லை. ஆதலால் 'சாவா மூவாப் பேராடு' என்றே கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. கொடுத்தவர் பெயரும், பெற்றவர் பெயரும், அளவும், முறையும் கல்லில் வெட்டப்பட்டன. தர்மம் செய்பவனுடைய அன்றாட மனநிலையைச் சார்ந்திராமல், அவன் இறந்த பின்னும் தானே நடக்கக்கூடிய ஒரு ஸ்தாபனமாகத் தர்மத்தை அமைக்கும் யோசனை இதில் முழுமையாக இருக்கிறது.

நம் காலத்தில், நம் நாட்டில், இந்த யோசனையை மிகப் பெரிய அளவில் கைக்கொண்டோருள் ஒருவர் விப்ரோ நிறுவனத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திய அசீம் பிரேம்ஜி. அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. டாட்டா குழுமத்தின் தலைமைக் கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெடுங்காலமாகவே அறக்கட்டளைகள் வசம் இருந்துவருகிறது. ஆனால் தம் கையாலேயே ஒரு தொழிலைப் பெருக்கி, தம் வாழ்நாளிலேயே அதன் பயனைத் தம் கையினின்றும் விடுவித்தவர் என்ற வகையில் பிரேம்ஜியின் சரித்திரம் தனித்துப் பயிலத்தக்கது. பொருளை ஈட்டுவதற்குப் பொறுமை வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஈட்டிய பொருளைப் பயன்படும்படி செலவிடுவதற்கு அதனினும் மிகுந்த பொறுமை வேண்டும் என்பதே இச்சரித்திரத்திலிருந்து நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

எண்ணெய் ஆலை

மகாராஷ்டிரத்தின் வடபகுதியில், காந்தேசம் என்று பழம்பெயர் வழங்கும் பிரதேசத்தில், ஜல்காவ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அமல்னேர். மராத்திய மக்கள் இன்றும் பக்தியோடு நினைக்கின்ற சானே குருஜி, விடுதலைப் போராட்டத்தில் முழுமையாக இறங்குவதற்கு முன்னர் ஆசிரியராகப் பணியாற்றியது இவ்வூர் உயர்நிலைப் பள்ளியில்தான். இங்கே 1945ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், குஜராத்தி முஸ்லிம் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த முகமது ஹாஷிம் பிரேம்ஜி என்பவர், 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் ப்ராடக்ட்ஸ்' என்ற கம்பெனியை நிறுவினார். தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்தி வனஸ்பதி ஆக்குவதும் சலவைச் சோப்புச் செய்வதும் அதன் தொழில். அதே ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவருடைய மகனே அசீம். சோழ நாட்டு விளக்கை எரித்தது ஆட்டு நெய். இவருடைய அறத்துக்கு ஆதிமூலமாக அமைந்தது, சமையற்காரர்கள் நெய்யென்று ஒப்புக்கொள்ளாத வனஸ்பதி என்பதை எண்ணினால் சிறிது நகைப்பும் வருகிறது.

தாயார் குல்பானு மருத்துவம் கற்றவர். பம்பாயில் ஹாஜி அலிக்கு அருகே, எலும்பும் தசையும் குறைப்பட்டு நடக்க இயலாத குழந்தைகளுக்காக ஒரு மருத்துவமனையை உருவாக்குவதில் முன்னின்று, அதை நடத்துவதற்கு வேண்டிய பணத்தைப் பலரிடமும் தேடிப் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியை அதிலேயே செலவிட்டவர். தம் ஈகைக்கு வித்திட்டவர்கள் யாவர் என்று சொல்ல நேரும்போது பிரேம்ஜி இருவரைக் குறிப்பிடுவது வழக்கம்: ஒருவர் தாயார், மற்றொருவர், செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களே என்று போதித்த காந்தியடிகள். முன்னவரிடம் அவர் கண்டது நித்திய அனுஷ்டானம். பின்னவரிடம் பெற்றது அதற்குரிய தத்துவம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றுக்கொண்டிருந்த இளைஞருக்கு, 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தந்தையார் காலமான செய்தி எட்டிற்று. வயது 21. படிப்பை இடையிலே நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்பி, எண்ணெய் ஆலையின் பொறுப்பை ஏற்றார். பங்குதாரர் கூட்டத்திலே ஒருவர் எழுந்து, அனுபவமில்லாத இளைஞரால் இக்கம்பெனியை நடத்த இயலாது, தகுந்தவரிடம் விற்றுவிடுவதே நலம் என்று யாவரும் கேட்க உரைத்தார் என்பது பின்னாளில் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அந்த வார்த்தையே தம் உறுதியை வளர்த்தது என்று பிரேம்ஜி கூறியதுண்டு. இடையில் நின்ற அந்தப் பட்டப்படிப்பை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், தம் நிறுவனம் உலகப் புகழ் பெற்றுவிட்ட காலத்திலே, அவர் நிறைவு செய்தார். பட்டத்தினால் அப்பொழுது அவருக்கு ஆகவேண்டிய லௌகிகப் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. தொடங்கியதை முடிக்க வேண்டும் என்ற சுபாவமே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

முதற் பத்தாண்டுகளில் அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. எண்ணெய் வித்தை உழவரிடம் எந்தத் தரத்தில் எவ்விலைக்கு வாங்குவது, ஆலையில் வீணாவதை எவ்வாறு குறைப்பது, கணக்கை எவ்வாறு ஒழுங்காக வைப்பது என்ற சாதாரண வினாக்களோடு அவை கழிந்தன. 1975ஆம் ஆண்டில் இயந்திரங்களுக்கான ஹைட்ராலிக் சிலிண்டர்கள் செய்யும் தொழில் சேர்ந்தது. 1977இல் பழைய நீண்ட பெயர் சுருங்கி 'விப்ரோ' ஆயிற்று. அந்நாட்களில் அமல்னேரில் சில பங்குகளை வாங்கி, விலை ஏறியபோதும் இறங்கியபோதும் விற்காமல் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற எளிய குடும்பங்கள் பல, பின்னாளில் பெருஞ்செல்வம் உடையனவாயின. விற்றுவிட்டுப் போகும்படி இளைஞருக்குச் சொல்லப்பட்ட அந்த யோசனைக்கு, காலம் அளித்த விடை இது என்று கொள்ளலாம்.

கணிப்பொறி

அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973ஆம் ஆண்டு திருத்தி இயற்றப்பட்ட பின்னர், இந்தியாவில் தொழில் நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பொதுவாகத் தம் உடைமையை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதற்கு இணங்க மனமில்லாத ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் நாட்டை விட்டு வெளியேறிற்று. கணிப்பொறி வேண்டுவோர் இருந்தனர், விற்போர் இல்லை. இறக்குமதிக்கோ தடைகள் மிகுதி. இந்த வெற்றிடத்தைக் கண்டவர் பலர். விப்ரோ பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்திலேயே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டு, இன்டெல் நுண்செயலியைக் கொண்டு சிறு கணிப்பொறிகளைத் தயாரிக்க முனைந்தது. எண்ணெயும் சோப்பும் விற்ற கம்பெனிக்கு இதில் என்ன தகுதி என்று கேட்டவர்கள் அன்று இருந்திருப்பர். தகுதி உடையவர்களைத் தேடிக் கண்டு, அவர்களுக்கு வேண்டிய சுதந்திரத்தைக் கொடுத்து, அவர்கள் செய்வதைத் தான் அறியும் அளவுக்கு நுணுகிக் கேட்டுக்கொள்வதே ஒரு நிர்வாகியின் தகுதி என்று பிரேம்ஜி கருதினார் போலும்.

1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தம் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. இறக்குமதி எளிதாயிற்று, வெளிநாட்டுக் கணிப்பொறிகள் வந்து குவிந்தன, உள்நாட்டில் வடிவமைத்துச் செய்ததற்கு முன்போல் சந்தை இல்லை. ஆனால் பத்தாண்டுக் காலம் கணிப்பொறியைப் பிரித்தும் கோத்தும் பழகிய பொறியாளர் கூட்டம் ஒன்று கைவசம் இருந்தது. அவர்களுடைய அறிவையே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வாடகை ஆய்வுக்கூடமாக அளிப்பது என்று விப்ரோ தீர்மானித்தது. பொருளை விற்கும் தொழில் இவ்வாறு பயிற்சி பெற்ற மனிதருடைய உழைப்பை விற்கும் தொழிலாக மாறிற்று. நூற்றாண்டின் இறுதியில், கணிப்பொறிகள் புதிய நூற்றாண்டின் ஆண்டெண்ணைப் பிழையாகக் கொள்ளாதபடி திருத்தும் பணி உலகெங்கும் எழுந்தபோது இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அனைத்தும் வளர்ந்தன. விப்ரோவும் வளர்ந்து, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம் பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பங்கின் விலை வானளாவ உயர்ந்தபோது பிரேம்ஜி உலகப் பெருஞ்செல்வர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். அடுத்து வந்த வீழ்ச்சியில் அந்த எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கவும் செய்தது. ஏட்டில் எழுதப்படும் செல்வத்தின் அநித்தியத்தை இவ்வளவு விரைவில் காணும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

உடைமையை விடுதல்

2001ஆம் ஆண்டில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை தன் பணியைத் தொடங்கிற்று. கம்பெனியில் மனிதவளப் பிரிவின் தலைமையில் இருந்த திலீப் ரஞ்சேக்கர் அதன் முதல் நிர்வாகியானார். அறத்துக்கு அளிக்கப்பட்டவை பிரேம்ஜியின் சொந்தப் பங்குகளே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. அது பங்குதாரர் அனைவருக்கும் உரிய பணத்தினின்றும் எடுக்கப்படுவது. அதைக் கொண்டு பொதுக் காரியம் செய்து, அதன் கீர்த்தியைத் தாம் மட்டும் பெற்றுக்கொள்ளும் முதலாளிகளும் உளர். தன் பணத்தைத் தருவதற்கும் தன் பொறுப்பில் உள்ள பிறர் பணத்தைத் தருவதற்கும் இடையே உள்ள பேதம் ஈகையின் இலக்கணத்தில் முதல் சூத்திரமாகும்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 8,800 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளை அவர் அறக்கட்டளைக்கு மாற்றினார். 2013இல், செல்வத்தின் பெரும்பாகத்தை ஈவதாக உலகச் செல்வர் சிலர் செய்துகொண்ட உறுதிமொழியில் இந்தியாவிலிருந்து முதலாவதாகக் கையெழுத்திட்டார். படிப்படியாக மேலும் பங்குகள் சென்றன. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் விப்ரோவின் 34 சதவீதப் பங்குகளின் பயன், அன்றைய மதிப்பில் 52,750 கோடி ரூபாய், அறத்துக்கு உரித்தாக்கப்பட்டது. அத்துடன் கம்பெனியின் பொருளாதார உடைமையில் 67 சதவீதம் அறக்கட்டளையைச் சேர்ந்ததாயிற்று. அதன் மூலநிதி 1,45,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், 53 ஆண்டுகள் வகித்த நிர்வாகத் தலைமையினின்றும் அவர் ஓய்வு பெற்றார்.

தொகையின் பிரம்மாண்டத்தில் மயங்கிவிடாமல், இதன் அமைப்பை நோக்க வேண்டும். பணத்தை ஒரே முறை அள்ளிக் கொடுத்திருந்தால் சில ஆண்டுகளில் அது தீர்ந்திருக்கும். இங்கே கொடுக்கப்பட்டது, பணத்தை ஆண்டுதோறும் விளைவிக்கும் உடைமை. கம்பெனி லாபப் பங்கு வழங்கும்போதும், தன் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போதும், ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகம் அறத்தின் கருவூலத்துக்குப் போகிறது. பெங்களூரிலும் பிற ஊர்களிலும் மென்பொருள் எழுதும் பல்லாயிரம் இளைஞர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, கிராமத்துப் பள்ளி ஒன்றின் செலவுக்கும் சேர்த்தே உழைக்கிறார்கள். சாவா மூவாப் பேராட்டின் விதியும் இதுவே.

ஆசிரியர்

இனி, ஈட்டுவதினும் செலவிடுவது கடினம் என்று நான் தொடக்கத்தில் கூறியதற்கு வருகிறேன்.

ஆரம்பக் கல்வியே தம் களம் என்று அறக்கட்டளை தேர்ந்துகொண்டது. கணிப்பொறியால் வளர்ந்த செல்வம் கணிப்பொறியையே மருந்தாகக் கருதியதில் வியப்பில்லை. முதல் ஆண்டுகளில், குழந்தைகள் பார்த்தும் கேட்டும் கற்பதற்கான பாடங்களைப் பல இந்திய மொழிகளில் குறுந்தகடுகளாகத் தயாரித்து, மாநில அரசுகளின் துணையோடு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் ஆவலோடு கணிப்பொறியைச் சூழ்ந்தனர். ஆனால் சில ஆண்டுகள் பார்த்த பின்னர், கற்றலில் நிலைத்த மாற்றம் ஏற்படவில்லை என்று அறக்கட்டளையே முடிவு செய்தது. பின்னாளில் அதன் தலைமைக்கு வந்த அனுராக் பெஹர் இந்த அனுபவத்தைப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் கணிப்பொறி ஓரளவு துணை செய்கிறது. ஆசிரியர் திறமையும் ஊக்கமும் குன்றிய இடத்தில் அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். தொழில்நுட்பத்தால் செல்வரானவர் பெயரால் நடக்கும் ஸ்தாபனம், தொழில்நுட்பத்தின் எல்லையை இவ்வாறு ஒப்புக்கொண்டது சாதாரணக் காரியமன்று.

இன்னொரு வழியும் எளிதாகத் திறந்திருந்தது. தம் பெயரால் சிறந்த பள்ளிகள் பலவற்றைக் கட்டி, பளபளக்கும் கட்டடங்களைக் காட்டியிருக்கலாம். அல்லது தனியார் பள்ளிகளுக்கு ஏழைக் குழந்தைகளை அனுப்பப் பணம் கொடுத்திருக்கலாம். ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களில் அறக்கட்டளையின் பங்கேற்போடு பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், குலுக்கல் முறையில் உதவித்தொகை பெற்றுத் தனியார் பள்ளிக்குச் சென்ற குழந்தைகள், அரசுப் பள்ளியிலேயே தங்கிய குழந்தைகளைக் காட்டிலும் தெலுங்கிலும் கணக்கிலும் மேம்பட்டுவிடவில்லை என்று தெரியவந்தது. தனியார் பள்ளி நாளின் சிறு பகுதியை ஒதுக்கிக் கற்பித்த இந்தியில் மட்டும் அவர்கள் முன்னே நின்றனர். தனியார் பள்ளி ஒரு குழந்தைக்குச் செலவிட்ட தொகை குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. பள்ளியின் பெயர்ப்பலகையை மாற்றுவதால் மட்டும் கல்வி வந்துவிடாது என்பது உறுதிப்பட்டது.

எஞ்சியது நீண்ட வழி: அரசுப் பள்ளியையும் அதன் ஆசிரியரையும் உள்ளவாறே ஏற்றுக்கொண்டு, அவர்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்து பணி செய்வது. கர்நாடகத்தின் யாத்கீர், ராஜஸ்தானத்தின் சிரோஹி, டோங்க், இமயச் சாரலில் உத்தரகாசி, சத்தீஸ்கரின் தம்தரி முதலிய, வசதி குறைந்த மாவட்டங்களில் அறக்கட்டளையின் ஊழியர்கள் சென்று தங்கினர். நமக்கு அண்மையில் புதுச்சேரியிலும் அரசுப் பள்ளி ஆசிரியரோடு அவர்கள் பணி நடக்கிறது. ஆசிரியர்கள் பள்ளி முடிந்த பின்னரும் விடுமுறை நாளிலும் தாமே விரும்பி வந்து, பின்னத்தை எவ்வாறு விளக்குவது, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியுமாகத் தத்தளிக்கும் குழந்தைக்கு எழுத்தை எவ்வாறு அறிமுகம் செய்வது என்பனவற்றைத் தம்முள் ஆராய்வதற்கு மையங்கள் அமைந்தன. இத்தகைய வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வருவர் என்ற வினாவுக்கு விடையாகவே, கர்நாடகச் சட்டமன்றத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தோன்றி, அடுத்த ஆண்டு பெங்களூரில் வகுப்புகளைத் தொடங்கிற்று; 2023இல் போபாலில் இரண்டாம் பல்கலைக்கழகம் எழுந்தது.

இவ்வழியில் விளைவு மெல்லத்தான் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாப நஷ்டக் கணக்கை உலகுக்கு அறிவித்துப் பழகிய தொழிலதிபருக்கு, ஐந்தாண்டு கழிந்தும் 'சிறிது முன்னேற்றம் தெரிகிறது' என்று மட்டுமே சொல்லக்கூடிய வேலையில் பணத்தைப் போட்டுக்கொண்டே இருப்பது எத்தனை பெரிய தவம் என்பதைச் சிந்தியுங்கள். தொழிலில் தவறான யோசனையைச் சந்தை விரைவில் தண்டித்துவிடுகிறது; தர்மத்திலோ தவறான யோசனைக்கும் மாலையும் பாராட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆதலின் தன்னைத் தானே தண்டித்துத் திருத்திக்கொள்ளும் நியமம் கொடையாளிக்கு வேண்டும். குறுந்தகடுகளை விட்டு ஆசிரியரிடம் சென்றதில் அந்த நியமம் வெளிப்படுகிறது.

சில ஐயங்கள்

இவ்வளவு கூறிய பின்னர், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளாமல் விடுவது புகழ்ச்சியாகுமே அன்றி ஆராய்ச்சி ஆகாது. கோடிக்கணக்கான குழந்தைகளின் கல்வி, ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருப்பது குடியாட்சிக்கு ஏற்றதா? அறக்கட்டளையின் வலிமை ஒரு கம்பெனியின் பங்குவிலையோடு பிணைந்திருப்பது ஆபத்தன்றா? உடைமையின் பயனை விட்டவர், அதன் நிர்வாக அதிகாரத்தைக் குடும்பத்தில் வைத்திருப்பது முழுத் துறவாகுமா?

மூன்றாவது வினாவுக்கு நேரான விடை, அது முழுத் துறவன்று என்பதே. 2019இல் நிர்வாகத் தலைமை மகன் ரிஷாத் பிரேம்ஜிக்கே சென்றது. மந்தையை மேய்ப்பவன் ஒருவன் வேண்டும் என்பது அதற்குச் சமாதானம். அவன் திறமையாக மேய்க்கிறானா என்று ஊரார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம் கடமை. இரண்டாவது வினாவின் ஆபத்தை, நிதியின் ஒரு பகுதியைப் பிற தொழில்களிலும் முதலீடு செய்வதனால் ஓரளவு தணிக்க முயன்றிருக்கிறார்கள். முதல் வினாவே பெரிது. அரசு செய்ய வேண்டியதைத் தனியார் தர்மம் செய்துவிட முடியாது. நம் நாட்டுப் பள்ளிகளின் தொகையைப் பார்க்குமிடத்து, எத்தகைய பெருநிதியும் சிறிதாகவே தோன்றும். அரசுக்குப் போட்டியாக வேறொரு பள்ளி அமைப்பை எழுப்பாமல், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் பள்ளிக்கு உள்ளேயே துணையாக நின்றதுதான் இவ்வறத்தின் விவேகம். கர்நாடக அரசு பள்ளிக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை முட்டை வழங்கிவந்ததை, 2024இல் மூன்றாண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய் அளிக்கும் உடன்படிக்கையினால் வாரம் ஆறு நாளாகப் பெருக்கியதும் அதே முறையைச் சேர்ந்தது. உணவு பரிமாறுவது அரசுப் பள்ளியே. கொடையாளி அதன் பின்னே நிற்கிறார்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் தொழிலில் இறங்குவீர்கள். சிலர் பெரும்பொருளும் ஈட்டுவீர்கள். ஈட்டும் வித்தையைக் கற்பிக்கக் கல்லூரிகள் உண்டு, ஆலோசகர்கள் உண்டு, தவறினால் திருத்துவதற்குச் சந்தையும் உண்டு. ஈயும் வித்தைக்கு அவ்வகை ஆசிரியர் எவரும் இல்லை. பொருள் சேர்ந்த பின்னர் அதைக் கற்கலாம் என்று ஒத்திவைப்பவர், தொகையை அளித்துவிட்டுப் புகைப்படத்தில் நிற்பதோடு நின்றுவிடுவர். தொழிலில் ஒரு பொறியாளரைத் தேர்ந்தெடுக்க எத்தனை கவனம் வேண்டுமோ, ஒரு செலவு பயன்பட்டதா என்று அறிய எத்தனை கணக்குப் பார்க்க வேண்டுமோ, நஷ்டம் வந்த ஆண்டில் எத்தனை தைரியம் வேண்டுமோ, அத்தனையும் அறத்துக்கும் வேண்டும். அவற்றோடு, விளைவைத் தம் ஆயுளில் காணாமல் போகவும் சம்மதிக்கும் பொறுமை மேலாக வேண்டும். இதைச் செய்வதற்குப் பெருஞ்செல்வராதல் அவசியமன்று. இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவியவர் தம் சக்திக்கு ஏற்ற தொகையை வைத்துச் சென்றார். அதன் பயனைப் பெற்ற நாம், இங்கே கேட்ட ஒன்றையேனும் வேறொருவருக்குப் பயன்படுமாறு செய்வது அவருக்குச் செலுத்தும் வட்டியாகும்.